"இதைப் படிச்சி என்ன வேல சேர்?"



போன கிழமை ஒரு தகப்பன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்ததால் மருத்துவம் கிடைக்கவில்லை. உயிரியல் விஞ்ஞானத்தில் பட்டம் முடித்துவிட்டாள். இப்போது முதுமாணிப் படிப்புக்கு அவள் தெரிவு செய்திருக்கும் துறைதான் வாப்பாவுக்குப் பிரச்சினை. விஞ்ஞானமும் ஒழுக்கவியலும் சேர்ந்து அரசாங்கத்தின் கொள்கைகளை எப்படித் தீர்மானிக்கின்றன என்பதுதான் அந்தப் பாடம்.

"டொக்டருமில்ல, லோயருமில்ல. இதைப் படிச்சி என்ன வேல சேர்? நீங்களாவது புள்ளைக்கி சொல்லுங்க."

நான் அவரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். "2020 டிசம்பரில பொரளை கனத்தை மயானத்தில வெள்ளத் துணி கட்டின படம் ஞாபகம் இருக்கா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறந்து 20 நாளே ஆன அந்தக் குழந்தையை யார்தான் மறப்பார்கள்?

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவரைப்போல யோசிக்கும் பெற்றோர் நம் ஊர்களில் நிறையப் பேர்.

2020 மார்ச் 24இல் உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டல் வெளியிட்டது. தொற்றுநோயில் இறந்தவரை எரித்துத்தான் ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை, அடக்கம் செய்யவும் முடியும் என்று அதில் தெளிவாக இருந்தது. அதே மாதக் கடைசியில் நம் சுகாதார அமைச்சு எரிப்பது மட்டும்தான் என்று மாற்றியது. ஏப்ரல் 11இல் அது வர்த்தமானியாக வந்தது. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்த மாத இறுதியில் அரசாங்கமே நியமித்த நிபுணர் குழு ஒன்று இரண்டையும் அனுமதிக்கலாம் என்றது. சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதையொட்டியே பேசின. பேராசிரியர் மலிக் பீரிஸ், பேராசிரியர் திஸ்ஸ விதாரண போன்ற வைரஸ் துறை அறிஞர்கள் அடக்கம் செய்வதால் பெரிய ஆபத்தில்லை என்றார்கள். ஆனாலும் 2021 பெப்ரவரி 25 வரை வர்த்தமானி மாறவில்லை. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. அந்தப் பத்து மாதமும் எந்த வாதத்தை வைத்து எரித்தார்கள் என்பதை நாம் நிதானமாகப் பிரித்துப் பார்த்தோமா?

அவர்களுடைய வாதத்தில் நாலு படிகள் இருந்தன. உடம்பில் வைரஸ் இருக்கலாம். அது நிலத்தடி நீரில் கலக்கலாம். கலக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எல்லோரையும் எரிக்க வேண்டும்.

முதல் மூன்று படிகளும் விஞ்ஞானம் பதில் சொல்ல வேண்டியவை. நாலாவது விஞ்ஞானமே இல்லை. அது ஒரு தீர்ப்பு. "தெரியாது" என்பதிலிருந்து "எரி" என்பதற்குத் தாண்டும் இடத்தில்தான் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இருந்தன. அந்த ஆபத்து எவ்வளவு பெரியது? அதைத் தடுக்க இதைவிடக் குறைந்த நோவு தரும் வழி இல்லையா, நீர்மட்டம் ஆழமான வறண்ட நிலத்தில் அடக்கினால் என்ன? சுமையை யார் சுமக்கிறார்கள்? எத்தனை நாளைக்கு ஒருமுறை இந்த முடிவை மீளாய்வு செய்வீர்கள்?

இன்னுமொரு கேள்வி. உயிரோடு இருந்த நோயாளிகளின் மலசலகூடக் குழிகள் எல்லா ஊரிலும் இருந்தன, கிணறுகளுக்குப் பக்கத்திலேயே. நிலத்தடி நீர்தான் கவலை என்றால் முதலில் கவலைப்பட வேண்டியது அதற்குத்தானே? 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தபோது, வைரஸ் நீருக்குள் போவது பிரதானமாக மலசலத்தாலேயே, பாதுகாப்பாக அடக்கிய உடல்களால் அல்ல என்ற ஆய்வுகளைத்தான் அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். அதற்குள் 270க்கும் மேற்பட்ட நம் மையித்துகள் சாம்பலாகிவிட்டன.

இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்பதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. அந்தப் பிள்ளை படிக்க ஆசைப்படுவது அதைத்தான்.

அந்த நேரம் நம்மிடம் யார் இருந்தார்கள்? வைத்தியர்கள் இருந்தார்கள், வைரஸைப் பற்றிப் பேசினார்கள். சட்டத்தரணிகள் இருந்தார்கள், அடிப்படை உரிமையைப் பற்றிப் பேசினார்கள். உலமாக்கள் ஜனாஸாவின் கடமையைப் பற்றிப் பேசினார்கள். அல்லாஹ் அவர்கள் எல்லோருடைய முயற்சியையும் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்து, அமைச்சின் அதிகாரிக்கு விளங்கும் மொழியில், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? நாம் "எங்கட மார்க்கம்" என்றோம், அவர்கள் "விஞ்ஞானம்" என்றார்கள். பார்ப்பவர்களுக்கு இது மார்க்கத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடக்கும் சண்டை மாதிரித் தெரிந்தது. உண்மையில் விஞ்ஞானமும் நம் பக்கம்தான் இருந்தது.

"அது இனவாதம் சேர், படிச்சி என்ன ஆகப் போகுது?" என்று அந்த வாப்பாவும் கேட்டார். நியாயமான கேள்வி. இனவாதம் இருந்தது, அரசியல் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அரசியல் வெறும் கையோடு வரவில்லை. விஞ்ஞானம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தச் சட்டையைக் கழற்றிக் காட்ட ஆள் இருந்திருந்தால் மனம் மாறியிருக்காது, சரி. மறைந்து நிற்க இடமாவது குறைந்திருக்கும்.

இது நம்முடைய பிரச்சினை மட்டுமில்லை. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. மண்ணைக் காப்பது நல்ல நோக்கம்தான். ஒரே இரவில் நாடு முழுவதும் மாற வேண்டும் என்பதை எந்த ஆய்வு சொன்னது, நட்டத்தை யார் சுமப்பார்கள் என்று யாரும் விடை சொல்லவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் வயல்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அங்கே அவதிப்பட்டவர்களில் எல்லா இனத்தவரும் இருந்தார்கள்.

நம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம். தடுப்பூசி வந்த நேரம் நம் வட்சப் குழுமங்களில் வந்த பொய்களை எத்தனை பேர் சரிபார்க்காமல் அனுப்பினோம்? விஞ்ஞானத்தை நமக்குச் சாதகமான நேரம் மட்டும் கேட்பது நேர்மையில்லை. இந்தப் படிப்பு அதையும் சொல்லித் தரும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களைக் கேட்டார்கள், அன்ஸார்களைக் கேட்டார்கள், குறைஷி மூத்தவர்களைக் கேட்டார்கள். கருத்து வேறுபாடு வந்தது. திரும்பிப் போக முடிவெடுத்தபோது, அல்லாஹ்வின் கத்ரிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ருக்குத்தான் போகிறோம் என்பதே உமர் (ரழி) அவர்களின் பதில். கிடைத்த தகவல், ஆலோசனை, மாற்றுக் கருத்து, மக்களின் உயிர் எல்லாம் அந்த ஒரு முடிவுக்குள் இருக்கின்றன. கஸ்ஸாலி இமாம் விளக்கிய ஐந்து பாதுகாப்புகளில் மார்க்கமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. நம் பிள்ளைகள் வெறுங்கையோடு அந்த வகுப்புக்குள் போகப் போவதில்லை.

வழி எங்கே என்று கேட்பவர்களுக்கு: பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் மெய்யியல் துறைகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானக் கொள்கைக்கென்றே 1966இலிருந்து ஒரு நிறுவனம் இயங்குகிறது. கட்டாரின் ஹமத் பின் கலீபா பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஒழுக்கவியலை இன்றைய பிரச்சினைகளோடு சேர்த்துப் படிக்கலாம். செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலம் வேண்டும், சிங்களமும் வேண்டும். அதை உயர்தர வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

எல்லோரும் இதைப் படிக்கச் சொல்லவில்லை. ஊருக்கு வைத்தியரும் வேண்டும், பொறியியலாளரும் வேண்டும். நூறு பிள்ளைக்கு ஒரு பிள்ளை போனால் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத் நிதியிலோ வேறு நிதியிலோ ஒரு பிள்ளைக்கு உதவ முடியுமா என்று உலமாக்களோடு பேசிப் பார்க்கட்டும்.

அந்த வாப்பா எழும்பும்போது சம்மதம் என்று சொல்லவில்லை. "வீட்டுல கதைச்சிட்டு சொல்றன் சேர்" என்று மட்டும் சொன்னார். மகளுக்கு விண்ணப்ப முடிவுத் திகதி இந்த மாதக் கடைசி.

அடுத்த முறை ஒரு மூடிய அறைக்குள் நம்மைப் பற்றி முடிவெடுக்கும்போது, வெளியே வேலியில் வெள்ளைத் துணி கட்டுவது மட்டும் நம் வேலையாக இருக்கக் கூடாது. உள்ளே மேசையில் நம் பிள்ளை ஒன்று இருந்து கேள்வி கேட்க வேண்டும்.

துஆ செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள்.