தொட்டால் கெட்டுவிடுமா?



திருச்சி அரியமங்கலத்துக் குப்பை மேடு கோடையில் தீப்பற்றிப் புகைந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். குப்பை மட்கும்போது நுண்ணுயிர்கள் வெப்பத்தை வெளியிடுகின்றன. எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு? குப்பை மேடு ஆபத்தான இடம். அங்கே போக வேண்டாம். பள்ளித் தோட்டத்து உரக்குழியிலேயே அளக்கலாம். ஆனால் ஆழத்துக்கு ஒன்றாக எட்டு வெப்ப உணரிகளாவது வேண்டும். ஒரு சிறு கணிப்பொறிப் பலகையில் எட்டையும் எப்படி இணைப்பது?

இதற்குத்தான் 'பஸ்' இருக்கிறது. பல கருவிகள் பொதுவாகப் பயன்படுத்தும் கம்பித் தொகுதி அது. ஸ்ரீரங்கத்துக்கு நாம் ஏறிப்போகும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலச்சொல் ஒன்றே: 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்.

1982-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஐ-ஸ்கொயர்ட்-சி' பஸ்ஸில் செய்திக்கு ஒரு கம்பி, தாளத்துக்கு ஒரு கம்பி, ஆக இரண்டே. ராஸ்பெர்ரி பை பலகையில் இவை 3, 5 எண்ணுள்ள முட்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. 'எல்.எம். 75' என்ற வெப்ப உணரிச் சில்லில் முகவரிக்கென்றே மூன்று கால்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் மின்சாரத்தோடோ தரைக் கம்பியோடோ இணைக்கலாம். 2 × 2 × 2 = 8. ஆகவே 72 முதல் 79 வரை எட்டு முகவரிகள்! ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதுபோல், பலகை '74' என்றழைத்தால் 74 மட்டும் பதில் சொல்லும். மற்றவை மௌனம் காக்கும்.

இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசிவிட்டால்? செய்தி குழம்பும், ஆனால் எதுவும் எரியாது. எந்தக் கருவியும் கம்பியின் மின்னழுத்தத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும்; மேலே உயர்த்துவது ஒரு மின்தடையின் வேலை.

ஆனால் நம் கை தவறினால் எரியும். அந்த முட்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 3-ஆம் முள்ளை ஒட்டியே 5 வோல்ட் தரும் 4-ஆம் முள் நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் நான் ஒருமுறை கம்பியை மாற்றினேன். அதன் நுனி இரண்டையும் தொட்டது. 3-ஆம் முள் அதன்பின் பேசவேயில்லை.

இப்படி ஆகும் என்று அஞ்சித்தான் பல பள்ளிகளில் "தொடாதே, கெட்டுவிடும்" என்கிறார்கள். பலகை விலையுள்ளது, அச்சம் நியாயமானதே. ஆனால் தடை சரியான மருந்தன்று என்பது என் கருத்து. 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறியின் அடிப்புறத்திலேயே வெளிக்கருவிகளை இணைக்க ஒரு பஸ் இருந்தது. விசையைத் தட்டுவதற்கு மட்டுமா அதைச் செய்தார்கள்?

தடைக்குப் பதில் ஒழுங்கைக் கற்பிப்போம். முதலில் தாளில் சுற்றுப்படம்; மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைப்பு; நண்பர் ஒருவரின் சரிபார்ப்பு; அதன்பிறகே மின்சாரம். உணரிகளுக்கு 1-ஆம் முள்ளின் 3.3 வோல்ட்டே போதும். பற்றவைக்கத் தெரியவில்லையா? அரியமங்கலத்திலேயே சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு பாலிடெக்னிக் இருக்கலாம். ஆசிரியருடன் சென்று அங்குள்ள அண்ணன்களையும் அக்காக்களையும் கேளுங்கள்.

வாங்கிவந்த பெட்டி அதைச் செய்தவரின் கேள்விக்கு விடை சொல்லும். உங்கள் உரக்குழியைப் பற்றிய கேள்வி உங்களுடையது. அதற்கான கருவியையும் நீங்களே இணையுங்கள்.