ஐந்து குழல்களும் ஓர் ஈமானும்

 

நம் வீடுகளில் குழந்தை மழலை மொழியத் தொடங்கியதும் கலிமாவோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கும் சொற்களுள் ஒன்று ‘ஈமான்’. அரபு மண்ணில் பிறந்த இச்சொல் மரக்கலம் ஏறிப் பல கரைகளைத் தொட்டது. காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் வந்தது போலவே கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கும் சென்றது. அங்கே சுவாஹிலி மொழியில் ‘இமானி’ என வழங்கலாயிற்று. பொருள் அதே பொருள்தான்: நம்பிக்கை. அந்தச் சொல் அமெரிக்காவில் ஓர் இசைக்குழுவின் பெயராக நிலைபெற்ற வரலாற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இசைக்கருவிகள் குறித்து நம் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த விவாதத்தை இப்பக்கத்திற்குள் கொண்டுவருவது என் நோக்கமன்று. ஒதுக்கப்பட்ட மக்களுள் ஐவர் எவ்வாறு நிமிர்ந்து நின்றனர் என்பதே நாம் காண வேண்டியது.

பெயர் முந்தியது, குழு பிந்தியது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்றொரு நகரம். அதன் மேற்குப் பகுதி கறுப்பின மக்கள் வாழும் பகுதி. குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ 1942இல் பிறந்து வளர்ந்த இடம் என்றால் உங்களுக்கு எளிதில் விளங்கும். அதே பகுதியில் 1970இல் பிறந்தவர் வலெரி கோல்மன். சிறுமியாக இருந்தபோது தோட்டத்தில் கிடந்த குச்சியை உதட்டில் வைத்துப் புல்லாங்குழல் ஊதுவதாகப் பாவனை செய்து விளையாடியவர் இவர். பதினொரு வயதில் முறையாக இசை பயிலத் தொடங்கினார். பதினான்கு வயதுக்குள் மூன்று முழு சிம்பொனிகளை எழுதி முடித்துவிட்டார்!

பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் உயர்கல்வி பெற்ற அவர் தம்மைச் சுற்றிலும் பார்த்தார். மேற்கத்தியச் செவ்வியல் இசை அரங்குகளில் தம் இனத்தவரைக் காண்பது அரிதாக இருந்தது. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1939இல் மரியன் ஆண்டர்சன் என்ற மாபெரும் பாடகிக்கு, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால், வாஷிங்டன் நகரின் பெரிய அரங்கு மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார். எழுபத்தையாயிரம் பேர் திரண்டு கேட்டனர். அதன் பிறகும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 2014ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலும் அமெரிக்க இசைக்குழுக்களின் கலைஞர்களுள் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை, 1.8 விழுக்காடுதான்.

வலெரி கோல்மன் குறை கூறிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1997இல் ஒரு குழு அமைக்கத் துணிந்தார். ஒரு கருவியும் ஒலிக்கும் முன்பே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார்: ‘இமானி விண்ட்ஸ்’. நம்பிக்கையின் காற்று என்று நாம் பொருள் கொள்ளலாம். கையில் ஏதுமில்லாத நேரத்தில் முதலில் கைக்கொண்டது நம்பிக்கையை என்பதை, அன்புச் சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்து வேறு குரல்கள்

அவரோடு நெடுங்காலம் இணைந்து நின்றவர்கள் நால்வர். டோயின் ஸ்பெல்மன்-டயஸ் ஓபோ வாசித்தார். எகிப்து, மெக்சிகோ ஆகிய இரு மரபுகளின் வழிவந்த மரியம் ஆடம் கிளாரினெட் வாசித்தார். மோனிகா எல்லிஸ் பஸூன் என்னும் நெடிய, தாழ்ந்த குரல் குழலை ஏந்தினார். ஜெஃப் ஸ்காட் பித்தளையாலான பிரெஞ்சு ஹார்ன் வாசித்தார்.

இந்த ஐந்து கருவிகளின் கூட்டணி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் அந்தோன் ரைக்கா என்பவர் இவ்வமைப்புக்காக 24 படைப்புகளை எழுதி இதற்கு வடிவம் தந்தார். ஆனால் ஐந்தையும் இசைவிப்பது எளிதான செயலன்று. வயலின் குடும்பத்துக் கருவிகள் உடன்பிறந்தவை, குரல் ஒத்துப்போகும். குழல்களின் நிலை வேறு. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் காற்று மோதி ஒலி பிறக்கிறது. கிளாரினெட்டில் ஒற்றை நாணல் தகடு அதிர்கிறது. ஓபோவிலும் பஸூனிலும் இரட்டை நாணல். மர்ஹூம் ஷேக் சின்ன மௌலானா அவர்களின் நாதஸ்வரத்தில் நாம் கண்ட சீவாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஹார்னிலோ வாசிப்பவரின் உதடே அதிர்கிறது. ஓபோ கலைஞர் நாணலைத் தம் கையாலேயே கத்தி கொண்டு சீவிப் பதப்படுத்த மணிக்கணக்கில் உழைக்க வேண்டும்.

ஐந்தும் ஒன்றாக ஒலிக்க வேண்டுமானால் ஒருவர் மற்றவரின் மூச்சைக் கேட்டுத் தம் மூச்சை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தம் குரலை இழக்கவும் கூடாது. பிறர் குரலை அமுக்கவும் கூடாது. குடும்பம் நடத்தும் எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

வலெரி கோல்மன் இக்குழுவுக்காக ஆக்கிய புகழ்பெற்ற படைப்பின் பெயர் ‘உமோஜா’. சுவாஹிலியில் ஒற்றுமை என்று பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1966 முதல் கொண்டாடிவரும் குவான்ஸா என்ற ஏழு நாள் பண்பாட்டு விழாவில் முதல் நாளின் கொள்கை உமோஜா. நிறைவு நாளின் கொள்கை இமானி. 2019இல் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ரா என்னும் பெருங்குழு உமோஜாவை வாசித்தது. 1900இல் தோன்றிய அக்குழு, வாழ்ந்துகொண்டிருக்கும் கறுப்பினப் பெண் ஒருவரின் படைப்பை வாசித்தது அதுவே முதன்முறை!

இல்லாததை உண்டாக்கினார்கள்

ஐந்து குழல்களுக்கென எழுதப்பட்ட பழைய படைப்புகள் குறைவு. அவற்றில் தம் மக்களின் வாழ்வு இல்லை. ஆகவே புதியன எழுதுமாறு பலரையும் வேண்டினர். பத்தாண்டு நிறைவையொட்டி அதனை ஒரு திட்டமாகவே வகுத்தனர். ஜேசன் மோரன் என்ற கலைஞர், லூயிசியானாவில் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, உழைத்துத் தம் பிள்ளைகளையும் அடிமைத்தளையிலிருந்து மீட்ட மரி தெரேஸ் குவான்குவான் என்ற தம் குலத்து முன்னோரின் வரலாற்றைக் குழலிசையாக்கித் தந்தார்.

அரபு வழி அமெரிக்கரான முஹம்மது ஃபைரூஸ், லெபனான் உள்நாட்டுப் போரின் துயரை ‘ஜபல் லுப்னான்’ என்ற படைப்பாக இக்குழுவுக்கு எழுதினார். 1982இல் சப்ரா, ஷாத்திலா முகாம்களில் கொல்லப்பட்ட ஃபலஸ்தீன அகதிகளின் நினைவு அதில் ஒப்பாரியாக ஒலிக்கிறது. ரீனா இஸ்மாயில் என்ற இந்திய வழிப் பெண் கலைஞர் இந்துஸ்தானி ராகங்களை அடிப்படையாகக் கொண்டு எழுதியதன் தலைப்பு, மௌலானா ரூமி (ரஹ்) அவர்களின் கவிதையிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரு தொடர்.

துணிவிலும் இவர்கள் குறைந்தவர்கள் அல்லர். ஏறத்தாழ நூறு கலைஞர்கள் வாசிக்கும் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ என்னும் படைப்பை ஐந்தே பேர் வாசித்து இசைத்தட்டாகவும் வெளியிட்டனர்.

ஒரு சிறுவனின் இரத்தம்

2012 பிப்ரவரி 26 அன்று ஃபுளோரிடா மாநிலத்தில், கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் ஆயுதம் ஏதுமில்லை. சுட்டவர் 2013இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அந்த வழக்கினால் உள்ளம் கொதித்த ஒருவர், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயர் என்ற பியானோ கலைஞர். அவர் இக்குழுவுக்காக ஆக்கிய படைப்பின் பெயர் ‘ப்ரூயி’. மருத்துவர்கள் அறிந்த சொல் இது. இரத்தக் குழாய் சுருங்கி அடைபடும்போது, அதன் வழியே முட்டிமோதிப் பாயும் இரத்தம் எழுப்பும் ஓசையைக் குறிப்பது.

ஒரு சமுதாயத்தின் நாடி அடைபட்டிருப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? இப்பெயரிலேயே அவர்களின் இசைத்தட்டு 2021இல் வெளிவந்து கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2024இல் ஜெஃப் ஸ்காட் எழுதிய மற்றொரு படைப்பின் இசைத்தட்டுக்காக அவ்விருது அவர்களுக்குக் கிடைத்தது. அப்படைப்புக்குக் கவிதைகள் தந்தவர் டோயினின் தந்தையார் ஏ. பி. ஸ்பெல்மன். தந்தை எழுத, மகள் வாசித்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் குழுவிலிருந்து சிலர் விலகினர். மரியத்தை அடுத்து 2018இல் வலெரியும் விடைபெற்றார். புதியவர்கள் அவ்விடங்களை நிரப்பினர். தொடங்கியவர் விலகிய பின்னும் பெயரும் நோக்கமும் நின்றன.

நமக்குள்ள படிப்பினை

கண்ணியமிக்க வாசகர்களே! இவர்கள் வேறு நாட்டவர், வேறு வழியினர். ஆயினும் அவர்கள் தாங்கிய பெயர் நம்முடையது. அதனால் ஒரு கேள்வி நம்மை நோக்கி எழுகிறது. ஈமான் என்ற சொல்லை நாள்தோறும் நாவால் மொழியும் நாம் அதைக் கொண்டு எதை எழுப்பியிருக்கிறோம்? “நமக்கு எங்கே இடம் கொடுக்கிறார்கள்?” என்று திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சு நம்மிடையே குறைந்தபாடில்லை. அந்த மனக்குறை பொய்யானதன்று. ஆனால் குறையை எண்ணிக்கொண்டிருப்பதால் மட்டும் ஒரு பள்ளிக்கூடமோ, நூலகமோ, ஒரு நல்ல நூலோ உருவானதில்லை. திருமறை ஈமானையும் நற்செயலையும் இணைத்தே மீண்டும் மீண்டும் பேசுவதன் காரணம் இங்கே புலப்படவில்லையா?

இன்னொன்றும் உண்டு. அபிசீனியக் கறுப்பு அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்களின் குரலைத்தான் நம் பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் வழக்கம் அன்றே ஒழிக்கப்பட்டது. ஆனால் நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது “பெண் கறுப்பா, சிவப்பா?” என்ற கேள்வி முதலில் எழுகிறதே, அது எந்த மார்க்கத்திலிருந்து வந்தது? அமெரிக்காவின் அநீதிக்காக வருந்தும் நாம் நம் வீட்டுக் கூடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டுச் சிறுமி தோட்டத்துக் குச்சியை வைத்துக்கொண்டு ஆசிரியையாகவோ மருத்துவராகவோ எழுத்தாளராகவோ விளையாடிக்கொண்டிருக்கலாம். அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அவள் மனத்தில் அல்லாஹ் என்ன ஆற்றலை வைத்திருக்கிறான் என்பதை யார் அறிவார்?

நம் சொல்லிலுள்ள ஈமானை வல்ல இறைவன் நம் செயலிலும் வெளிப்படச் செய்வானாக. ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.