எனக்கு ஏன் சொல்லவில்லை?

கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்றார்கள். பப்பாளி தின்றிருப்பாள் என்றார்கள். வலிப்புக்காரி வயிற்றில் வேறென்ன பிறக்கும் என்று என் நாத்தனார் என் காதுபடவே சொன்னார். என் மகள் பிறந்தபோது இடுப்புக்குச் சற்று மேலே தோல் மூடியிருக்கவில்லை. முதுகுத்தண்டு பிளந்து, உள்ளிருக்க வேண்டிய நரம்பு வெளியே பிதுங்கிக் கிடந்தது. முதுகைத் தைத்து மூடினார்கள். பிறகு தலையில் நீர் கோத்தது. அதை வயிற்றுக்கு வடிக்கத் தோலுக்கடியில் ஒரு குழாய். இன்று அவளுக்கு முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் தானாகப் பிரியாது. நேரம் பார்த்துக் குழாய் போட்டு எடுக்க வேண்டும். அதற்காக நான் பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவும் என் பாவமாம். என்னைப் பெற்றவளே அப்படித்தான் நம்புகிறாள்.

பத்தாம் வகுப்பில் எனக்கு வலிப்பு வந்தது. டாக்டர் சோடியம் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார். அது என் வலிப்பை நிறுத்தியது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். கல்லூரி முடித்தேன். கல்யாணம் நிச்சயமானதும் மாப்பிள்ளை வீட்டாரிடம் வலிப்பைப் பற்றி மறைக்காமல் சொன்னோம். பத்திரிகையை அந்த டாக்டர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம். வாழ்த்தினார். அதே மாத்திரையை, அதே அளவில், திரும்பவும் எழுதிக் கொடுத்தார். பிள்ளை பெறப்போகிறவள் இவள் என்று அந்தப் பத்திரிகையைப் பார்த்தும் அவருக்குத் தோன்றவில்லையா?

அதற்குப் பிறகு என் வயிற்றுக்குள் நடந்ததை நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் உயிரணுக்கள் தடித்து ஒரு தகடாகின்றன. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான். தகட்டின் நடுவில் பள்ளம் விழுகிறது. இரண்டு ஓரங்களும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, ஏறக்குறைய 22ஆம் நாள் கழுத்து வரவிருக்கும் இடத்தில் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து தலைப்பக்கமும் கால்பக்கமுமாக மூடிக்கொண்டே போகும். தலைப்பக்க வாய் 25ஆம் நாள் வாக்கில் அடைபடும். கால்பக்க வாய் 28ஆம் நாள் வாக்கில். அதுதான் நரம்புக் குழாய். மேல்வாய் மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாகாது. அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ்வாய் மூடாவிட்டால் என் மகளுக்கு வந்தது வரும்.

28 நாள்! நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. வெயிலில் அலைந்ததால் தள்ளியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் கர்ப்பமென்று தெரிந்து, பதிவு செய்து, ஃபோலிக் அமில மாத்திரை கைக்கு வந்தபோது மூன்றாம் மாதம். மூட வேண்டியது மூடாமலே போய் வாரக்கணக்காகியிருந்தது. அந்த மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று எந்தக் கல்யாண வீட்டில் சொன்னார்கள்? பூ முடிக்கவும் வளையல் போடவும் ஆயிரம் பேர் வந்தார்களே!

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த சேதியும் இல்லை. பிரான்சில் லியோன் நகரத்து எலிசபெத் ராபர், வால்ப்ரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு பிளவு வருவதை எடுத்துச் சொன்னது 1982இல். நான் பிறப்பதற்கும் முன்னால். ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கிய பெண்களிடம் இந்தக் குறை மறுபடி வருவது 72 விழுக்காடு குறைந்ததென்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் சோதித்துக் காட்டியது 1991இல். கருத்தடைக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் தரக்கூடாது என்று ஐரோப்பாவில் 2018இலேயே கட்டுப்பாடு வந்துவிட்டது. அங்கேயும் அது சும்மா வரவில்லை. பிரான்சில் என்னைப் போன்ற தாய்மார்கள் சங்கம் கூடிச் சண்டை போட்டார்கள். லியோனில் தெரிந்தது என் ஊர் டாக்டருக்குத் தெரியாதா? அவர் படித்த புத்தகத்தில் அது இல்லாமலா இருந்திருக்கும்?

எல்லாப் பிளவும் மாத்திரையால் வருவதில்லை, தெரியும். பரம்பரைக் கூறு உண்டு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் உண்டு, கருவின் ஆரம்ப நாட்களில் வரும் கடும் காய்ச்சல் உண்டு. ஃபோலிக் அமிலம் எடுத்திருந்தாலும் வால்ப்ரோயேட்டின் கெடுதலைத் தடுத்திருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் லெவெடிரசெட்டம் இருந்தது, லாமோட்ரிஜின் இருந்தது. கருவுக்கு இவ்வளவு ஆபத்தில்லாத மருந்துகள் இதே ஊர் மருந்துக் கடையில் இருந்தன. கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கையில் மெல்ல மாற்றிப் பார்த்திருக்கலாம். மாற்றி வலிப்பு வந்திருந்தால், அதைத் தாங்குவதா வேண்டாமா என்று நான் தீர்மானித்திருப்பேன். என் உடம்பு, என் பிள்ளை. என்னைக் கேட்டிருக்க வேண்டாமா?

மகளைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தாம்மா இப்படி ஆகும்" என்றார். அந்தக் கணக்கு அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! மாத்திரை சாப்பிடாத தாய்மாருக்கு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருப்பதுதான் இப்படி நூற்றில் ஒன்றிரண்டாக ஏறுகிறது. அந்த எண்ணைத் தம் மேசைக்கு அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டியிருக்கிறார். என் நாத்தனாரின் வார்த்தையைக்கூட நான் ஒருநாள் மன்னித்துவிடுவேன். அவருக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

இன்றும் நரம்பியல் பிரிவு வரிசையில் நிற்கிறேன். போன மாதம் எனக்கு முன்னால் ஒரு பெண், கையில் அதே மாத்திரை அட்டை. தையில் கல்யாணம் என்று அவள் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மாத்திரையைப் பற்றி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லையக்கா என்றாள். நீயாக நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் உள்ளே போனதும் கல்யாணத் தேதியைச் சொல், மருந்தை மாற்ற முடியுமா என்று கேள், ஃபோலிக் அமிலம் எப்போது தொடங்க என்று கேள், பதில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதே என்றேன். இதைச் சொல்லச் சம்பளம் வாங்குகிறவர் உள்ளே இருக்கிறார். வரிசையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் நான் சொல்கிறேன்.