செயலியின் வேகத்தைக் கூட்டும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

விளையாட்டுக்காகச் சொந்தமாகக் கணினி பூட்ட நினைக்கும் மாணவர்கள் பலர், கடையில் முதலில் கேட்பது, "இந்தச் செயலியை ஓவர்கிளாக் செய்யலாமா?" என்றுதான். மலிவான செயலியை வாங்கி, அதன் வேகத்தை நாமே கூட்டிக்கொண்டால், விலை உயர்ந்த செயலியின் பலன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அது. தீபாவளி அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் உங்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பே. ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்பதே நல்லது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 400 கோடி துடிப்புகள். தயாரித்த நிறுவனம் நிர்ணயித்ததைவிட வேகமாகத் துடிக்க வைப்பதே ஓவர்கிளாக்கிங்.

ஒரு காலத்தில் இது உண்மையிலேயே ஏழையின் புதையலாக இருந்தது. 1998இல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவுச் செயலியை வெளியிட்டது. அதன் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதாவது தாய்ப்பலகையின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைப் போல் நாலரை மடங்கு. தாய்ப்பலகையை 100க்கு மாற்றினால் போதும், பல செலரான்கள் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. பாதி வேகம் இலவசமாகக் கூடியது!

இன்று அந்தப் புதையலை நிறுவனங்களே தோண்டி எடுத்துவிடுகின்றன. ஏஎம்டியின் ரைசன் 5 5600 செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். வேலை கூடும்போது, வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால், அது தானாகவே 4.4 வரை உயர்கிறது. நீங்கள் கையால் கூட்டுவதற்கு மிஞ்சுவது கொஞ்சமே. இன்டெல் செயலிகளிலோ, பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்து இல்லாத பெரும்பாலானவற்றில் வேகப் பெருக்கி பூட்டப்பட்டிருக்கும். மலிவுச் செயலிகள் பெரும்பாலும் இந்த வகையே.

கொஞ்சம் கூட்டினாலும் லாபம்தானே என்பீர்கள். இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. செயலி செலவழிக்கும் மின்திறன், வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து உயரும். வேகத்தை 10 விழுக்காடு கூட்ட, மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால், 1.1 x 1.1 x 1.1 = 1.33. வேகம் 10 விழுக்காடு. வெப்பமோ 33 விழுக்காடு!

நம் நாட்டு வெயிலையும் மறக்காதீர்கள். குளிர்நாட்டில் 21 டிகிரி அறையில் ஒரு செயலி 71 டிகிரியில் ஓடினால், அதே குளிர்விப்பானோடு நம் வீட்டு 31 டிகிரி அறையில் அது ஏறக்குறைய 81 டிகிரியைத் தொடும். வெளிநாட்டுக் காணொளியில் பார்த்த வேகம் உங்கள் அறையில் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். சூடு எல்லை மீறினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும்.

துடிப்பு மட்டுமே வேகமும் அல்ல. 2014இல் வந்த பென்டியம் ஜி3258, ஓவர்கிளாக் பிரியர்களின் செல்லப்பிள்ளை. ஆனால் அதில் 'கோர்' எனப்படும் செயலகங்கள் இரண்டு மட்டுமே. அதே ஆண்டில் வெளிவந்த ஃபார் கிரை 4 விளையாட்டு, அத்தகைய இரட்டைக் கோர் செயலிகளில் தொடங்கவே மறுத்தது. எவ்வளவு விரட்டினாலும் இல்லாத கோர் முளைக்காது. மாறாக, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் அண்ணனான 5800எக்ஸ்-ஐவிட மெதுவாகத் துடித்தாலும், பல விளையாட்டுகளில் அதை முந்தியது. செயலிக்குள்ளேயே இருக்கும் 'கேஷ்' என்ற சிறு நினைவகம் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக உயர்ந்ததே காரணம்.

இனி உங்கள் பணத்துக்கான கணக்கு. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒரு படத்தை 16.7 மில்லிவினாடியில் முடிக்க வேண்டும். செயலி தன் பங்கை 12 மில்லிவினாடியில் முடிக்கிறது, வரைகலை அட்டைக்கு 25 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது 40 படங்கள். செயலியை விரட்டி 12ஐ 11 ஆக்கினாலும் அதே 40தான். வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால் சோதித்துப் பாருங்கள். விளையாட்டின் திரைத் தெளிவைக் குறையுங்கள். படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால், தடை வரைகலை அட்டையில். உயராவிட்டால், தடை பெரும்பாலும் செயலியில்.

ஆகவே, லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும், ஓவர்கிளாக்கிங்குக்காக விலை கூடிய தாய்ப்பலகையையும் பெரிய குளிர்விப்பானையும் வாங்காதீர்கள். ஆறு கோர் உள்ள செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தை வரைகலை அட்டையில் போடுங்கள். நல்ல பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதனுள் வரைகலை வசதி இல்லை. தனி அட்டை இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது.

"வேகத்தைக் கூட்டுவதில்தானே சுவாரஸ்யம்!" என்று சிலர் சொல்லலாம். மறுக்கவில்லை. மின்னழுத்தம், வெப்பம், வேகம் மூன்றும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைக் கற்க அதைவிட நல்ல பரிசோதனை குறைவு. ஆனால் அதைப் பெற்றோரின் அனுமதியோடு, யாரும் பயன்படுத்தாத பழைய கணினியில் செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் அளவுகளை ஏட்டில் குறித்து வையுங்கள். வீட்டுப்பாடமும் எஸ்பிஎம் பயிற்சிகளும் இருக்கும் குடும்பக் கணினியில் வேண்டாம். நிலையற்ற வேகத்தில் ஓடும் செயலி கோப்புகளைக் கெடுத்துவிடலாம். ஓவர்கிளாக்கிங்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதமும் பொதுவாகக் கைகொடுக்காது.

அடுத்த முறை கடைக்காரரிடம், "இதை எவ்வளவு விரட்டலாம்?" என்பதற்குப் பதில், "நான் விளையாடும் விளையாட்டுக்கு எத்தனை கோர் தேவை, எந்த வரைகலை அட்டை போதும்?" என்று கேட்டுப் பாருங்கள்.