குறட்டையை யாரிடம் கேட்பது?

மாணவர்களே, நேற்றிரவு நீங்கள் குறட்டை விட்டீர்களா? "இல்லை" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கிக்கொண்டிருந்தவரே நீங்கள்தானே! பக்கத்தில் படுத்திருந்த தம்பியைக் கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

வேடிக்கையான இந்தக் கேள்வியை அமெரிக்காவில் புதிதாகக் கனரக லோரி ஓட்ட வருபவர்களிடம் எழுத்திலேயே கேட்கிறார்கள். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அது அதிகபட்சம் 24 மாதங்களுக்கே செல்லும். பார்வை, செவித்திறன், இரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் நேரடியாகச் சோதிப்பார்கள். தூக்கத்தை மட்டும் படிவத்தில் கேட்டு முடித்துவிடுகிறார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதுண்டா, பகலில் தூக்கம் வருகிறதா, பலத்த குறட்டை உண்டா? ஆம் அல்லது இல்லை என்று குறித்தால் போதும். சந்தேகம் வந்தால் மருத்துவர் உறக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் யாரைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் விதி இல்லை. இது போதாது என்பதே என் கருத்து.

ஏன் என்று பார்ப்போம். தூங்கும்போது எல்லாருக்குமே தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அவை அளவுக்கு மீறித் தளர்ந்து, காற்று போகும் வழியை அடைத்துவிடும். 10 வினாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும். இரத்தத்தில் உயிர்வளி குறையும். ஆபத்தை உணர்ந்த மூளை ஒரு கணம் தட்டி எழுப்பும். தொண்டை திறக்கும், பிறகு மறுபடி தூக்கம். காலையில் எதுவும் நினைவிருக்காது! இதுதான் உறக்க மூச்சுத் தடை. மணிக்கு 5 முறைக்குள் நடந்தால் கவலையில்லை. 30 முறையைத் தொட்டால் கடுமையான நிலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை, எட்டு மணி நேரத்தில் 240 முறை அவர் எழுப்பப்படுகிறார். "நன்றாகத் தூங்கினேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் மறுநாள் 36 டன் எடையுள்ள லோரியை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார் என்று வையுங்கள். வினாடிக்கு 25 மீட்டர். மூன்று வினாடி கண்ணயர்ந்தால், 75 மீட்டர் தூரம் அந்த லோரிக்கு ஓட்டுநரே இல்லை.

2016 செப்டம்பர் 29 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நிலையத்தில் ஒரு ரயில் நிற்காமல் தண்டவாளத்தின் முனையைத் தாண்டிப் பாய்ந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ரயிலை ஓட்டியவருக்குக் கடுமையான மூச்சுத் தடை இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. ரயில், லோரி ஓட்டுநர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கலாமா என்று அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசு கருத்துக் கேட்டிருந்தது. 2017 ஆகஸ்டில் அந்த முயற்சியையே கைவிட்டது. எனக்கு இது புரியவே இல்லை.

ஓட்டுநர்கள் மறைக்கிறார்கள் என்று குறை சொல்வது எளிது. பயிற்சிக்குப் பணம் கட்டி, முதல் சம்பளத்தை எதிர்பார்த்து நிற்பவர் அவர். "ஆம்" என்று குறித்தால் வேலை தள்ளிப்போகலாம், சோதனைச் செலவும் அவர் தலையில் விழலாம். அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் எதைக் குறிப்பீர்கள்? ஆகவே கழுத்துச் சுற்றளவு, உடல் எடை, இரத்த அழுத்தம் போன்ற அறிகுறிகள் இருந்தால் சோதனை கட்டாயமாக வேண்டும். செலவை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் ஏற்க வேண்டும். ஒல்லியானவருக்கும் இது வரலாம். குறிப்பாக ஆசியர்களுக்குத் தாடை அமைப்பினால் எடை கூடாமலே வருவதுண்டு. அதனால் எடையை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது.

நோய் உறுதியானால் வேலை போய்விடுமா? போகத் தேவையில்லை. 1980இல் சிட்னியில் மருத்துவர் காலின் சலிவன், தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, மூக்கு வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் கருவியை உருவாக்கினார். இன்றைய சிபேப் கருவி அதன் வாரிசு. பெரிய அமெரிக்க லோரி நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், நோய் இருந்தும் இக்கருவியைப் பயன்படுத்தாதவர்கள் தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகளில் சிக்கிய விகிதம் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களோ நோயில்லாதவர்களுக்குச் சமமாகவே ஓட்டினார்கள். இப்படிப்பட்டவருக்கு உரிமம் மறுக்க என்ன காரணம் இருக்கிறது?

நம் நாட்டிலும் சரக்கு லோரி ஓட்ட ஜிடிஎல் உரிமம் வேண்டும், அதற்கு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. உங்கள் அப்பாவோ மாமாவோ லோரி ஓட்டுபவராக இருந்தால், இன்றிரவு அவருடைய குறட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். சத்தம் சட்டென்று நின்று, சில வினாடிக்குப் பின் திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? எத்தனை வினாடி என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது அதை அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.