நாற்காலி மாறியது, நிலம் மாறியதா?

1961-62இல் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தார் சமூகவியல் அறிஞர் ஆந்த்ரே பெத்தேய். ஊர்ப் பெயரை மறைத்து, 'ஸ்ரீபுரம்' என்று பெயரிட்டு, 1965இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என ஊர் மூன்றாய்ப் பிளந்து கிடந்ததை அந்நூல் காட்டுகிறது. ஒரு காலத்தில் சாதியில் உயர்ந்தவரே நிலத்துக்கும் அதிபதி, ஊருக்கும் அதிகாரி. அந்தப் பிணைப்புத் தளர்ந்துவிட்டது. பஞ்சாயத்து அதிகாரம் அக்கிரகாரத்தை விட்டு வெளியேறிவிட்டது என்பதே அவர் கண்ட முடிவு.

நல்லது. ஆனால் தோழர்களே, வெளியேறிய அதிகாரம் எங்கே போய் நின்றது? குடியானத் தெருவில் நின்றது; சேரிக்கு வரவில்லை. நாற்று நட்டவளுக்கும் கதிர் அறுத்தவனுக்கும் நிலம் வரவில்லை.

நூல் வெளிவந்த மூன்றாம் ஆண்டு, 1968 டிசம்பர் 25 அன்று, அதே தஞ்சைத் தரணியில், கீழ்வெண்மணியில், 44 உயிர்கள் குடிசைக்குள் கருகின. கூலி உயர்வும் செங்கொடியுமே அவர்கள் செய்த குற்றம்! மாண்டவர் சேரி மக்கள். வழக்கில் நிறுத்தப்பட்ட நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவரோ அக்கிரகாரத்தவர் அல்லர். இதை நாம் மறந்துவிடலாகாது.

ஆகவே, "தலைவர் நாற்காலி நம் கைக்கு வந்துவிட்டது" என்று மார்தட்டும் கிளைத் தோழர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் ஊர்ச் சேரியில் எத்தனை பேருக்கு நிலப் பட்டா உண்டு? எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கோடு அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள்!