வாயை ஒட்டும் முன்

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு விளம்பரம். இரவில் உதடுகளின் மேல் ஒட்டிக்கொண்டு படுக்கும் பிளாஸ்திரி அது. ஒட்டினால் குறட்டை ஓடிவிடும், பல் கடிப்பது நின்றுவிடும், தாடை எடுப்பாகிவிடும் என்கிறார்கள். மூக்கடைப்பு உள்ளவர் என்ன செய்வார்? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்? அதற்கு ஒரு வரிகூட இல்லை.

தூங்கும்போது வாயை மூடு என்பது பழைய யோசனை. அதைச் சொன்னவர்களில் ஒருவர் ஓவியர் ஜார்ஜ் கேட்லின். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1830களில் அமெரிக்கப் பூர்வகுடிகளிடையே அலைந்து நூற்றுக்கணக்கான ஓவியங்கள் தீட்டியவர். 1860களில் மூச்சைப் பற்றி ஒரு சிறு புத்தகமும் எழுதினார். படங்களும் அவர் வரைந்தவையே. பால் குடித்து உறங்கும் குழந்தையின் உதடுகளைத் தாய் விரலால் சேர்த்துவைப்பதை அதில் சொல்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம். எல்லா நோய்க்கும் வாய்மூச்சையே பழிப்பது மிகைதான். ஆனால் முகங்களைப் பார்த்தே வாழ்ந்த மனிதர், மூச்சு முகத்தை மாற்றும் என்று கண்டது வீண்போகவில்லை. கலிஃபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் குட்டிக் குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்தார். 1981இல் வெளியான முடிவுகளின்படி அவற்றின் முகமும் பல்வரிசையும் மாறின, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக. கொடுமையான சோதனை.

கேட்லின் கண்ட தாய் பக்கத்தில் விழித்திருந்தாள். குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிளாஸ்திரி பார்க்காது. அடினாய்டு வீங்கியதால் வாயைப் பிளந்து தூங்கும் பிள்ளையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் கூட்டிப்போக வேண்டும்.

பல் கடிப்பும் அவ்வளவு எளிதில் அடங்குவதல்ல. தூக்கத்தில் மூளை சில நொடிகள் அரைவிழிப்புக்கு வருகிறது, இதயம் வேகமெடுக்கிறது, அதன் பிறகே தாடைத் தசை இறுகிப் பல் நறநறக்கிறது. அந்த அரைவிழிப்புக்குச் சிலரிடம் மூச்சுத் தடை காரணமாகலாம். வேறு சிலரிடம் மனக்கவலை, மது, சில மாத்திரைகள்.

பகல் கடிப்பு வேறு கதை, அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஊசியில் நூல் கோர்ப்பவரை, கணினியில் கணக்கு சரிபார்ப்பவரை, நெரிசலில் வண்டி ஓட்டுபவரைப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், கூடவே பற்களும் இறுகுகின்றன. மார்பின் மேல்பகுதியால் மட்டும் மூச்சு வாங்கும்போது கழுத்துத் தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. சாயங்காலம் காதோரமும் நெற்றிப்பொட்டும் வலிக்கும்போது தலைவலி மாத்திரையைத் தேடுகிறோம்.

மெல்லாத, விழுங்காத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பற்களுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தில் மெல்லப் படியட்டும். இப்போதே மூக்கு வழியாக மூச்சை அவசரமில்லாமல், நீளமாக வெளியே விடுங்கள். வயிறு தளரும்போது தாடையும் தானாகக் கொஞ்சம் இறங்கும். போனை எடுக்கும்போதெல்லாம், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இதைச் செய்யலாம். பல் தேய்ந்திருந்தால், காலையில் வாய் திறக்கச் சிரமமாக இருந்தால் பல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் மாட்டிக்கொள்ள அவர் தரும் உறை பல்லைத் தேயாமல் காக்கும். பகலில் தாடையைத் தளர்த்தும் வேலை நம்முடையது.